கூப்பாட்டு முடக்கு

கார்னவே தோட்டத்துக்கு ஒரே மனுசன் மூன்று பேராக மலையேறி வந்த செவ்வாய்க்கிழமை, நாலாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார்கள், வானம் மூடிக் கிடந்தது, அட்டை ஏறாமலிருக்கப் பூசிய சவர்க்காரம் கால்களில் காய்ந்து வெளுத்திருந்தது, ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன அங்கம்மாதான் முதலில் கீழே ரோட்டைப் பார்த்து, "அடியே புஸ்பகாந்தி, ஒங்க பூட்டன் வாறாரு. மூணு ஆளா வாறாரு" என்றாள், சொல்லிவிட்டு ரொட்டியைத் தின்றாள்.

மூன்று பேருக்கும் ஒரே பூனைக் கண். மூன்று பேருக்கும் இடது கைச் சுண்டுவிரல் ஒரே கணுவில் முறிந்து ஒரே பக்கமாகக் கோணியிருந்தது. முதலில் வந்தவன் முரட்டுக் கம்பளிச் சட்டைக்காரன், உடுப்பிலிருந்து கடல் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, மீன் வாடை மலைக்கு மேலே வரை ஏறியது. இரண்டாமவன் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாகக் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். மூன்றாமவன் மற்ற இருவரைவிட ஒன்றரை மடங்கு உயரம், அவன் வலது கை முட்டி மட்டும் ஒரு பலாப்பிஞ்சு அளவு இருந்தது, அந்தக் கையில் பிரம்பு.

புஸ்பகாந்தி எழும்பவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அவள் எதற்கும் சட்டென்று எழும்புகிறவள் இல்லை. அதே பூனைக் கண்ணால் அவர்களைப் பார்த்து, "வரட்டும். நாந்தானே வரச் சொன்னேன்" என்றாள்.

வரச் சொன்னது இப்படி. பழைய துரை பங்களா உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டலாகிவிட்டது, ஹோட்டலுக்கு ஒரு நீச்சல் குளம் வேண்டும், குளத்துக்கு ஏற்ற சமதரை பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில்தான் இருந்தது, அந்தச் சமதரையில் புஸ்பகாந்தியின் தகர வீடும் லீக்ஸ் பாத்தியும் கிழட்டுப் பேரிக்காய் மரமும் இருந்தன. தோட்டத்துச் சனமெல்லாம் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராக்களில் தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி அடைந்து கிடக்க, அந்த ஒரு குடும்பம் மட்டும் நூறு வருசத்துக்கு மேலாகத் தனி வீட்டில் இருந்தது. அதற்கு ஆதாரம் என்று அவர்களிடம் இருந்தது ஒரு தேயிலைப் பெட்டிப் பலகை. அந்தக் காலத்துத் துரை, பெட்டிக்கு அடையாளம் போடும் தார்க் குச்சியால், ஓடைக்கும் பேரி மரத்துக்கும் நடுவில் உள்ள மண் வீராய்க்கும் அவள் மகனுக்கும் என்று இங்கிலீசில் எழுதி, கீழே 'தொர்மோட்' என்று பெயர் போட்டிருந்தார். அந்தப் பலகை கொஞ்ச காலம் அரிசிப் பெட்டிக்கு மூடியாக இருந்தது, கொஞ்ச காலம் மாரியம்மன் படத்துக்குத் தட்டாக இருந்தது, விளக்கெண்ணெய் ஊறி எழுத்து இன்னும் கருத்துப்போய் நின்றது.

வீராயி, புஸ்பகாந்தியின் தாத்தாவைப் பெற்றவள். பங்களாவில் சட்டி பானை கழுவப் போனவள். அவள் பெற்ற பிள்ளை பச்சைப் பால் மாதிரி வெளுப்பாக வந்தது, கண்ணேறு படாமலிருக்க அதற்குக் கருப்பையா என்று பெயர் வைத்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது துரை பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். வண்டி ரோட்டு முடக்கில் திரும்பும்போது வீராயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே உள்ள பாறைக்கு ஓடிப்போய், "கருப்பையா அப்பா... கருப்பையா அப்பா... கருப்பையா அப்பா..." என்று மூன்று தரம் கூப்பிட்டாள், அந்தக் கூப்பாடு ஏழு மலையிலும் பட்டு ஏழு தரம் திரும்பி வந்தது, துரை மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கூப்பாட்டு முடக்கு என்று பெயர். இப்போதும் பஸ் கொண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளை இறக்குகிறான்.

அதற்கப்புறம் வந்த புதுத் துரை பங்களா வராந்தாவில் விசாரணை வைத்து, பிள்ளைக்குத் தகப்பன் யார், பெயரைச் சொல் என்று கேட்டபோது வீராயி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். கொண்டவன் பெயரை ஒரு பொம்பளை எப்படி வாயால் சொல்வாள்? தாலி கட்டினானோ கட்டவில்லையோ, அவள் மனசில் அவன் கொண்டவன். ஒரு நேரம் நின்றாள், இரண்டு நேரம் நின்றாள், கிளாக்கர் கொட்டாவி விட்டுக்கொண்டே, தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டான். அந்தக் கோடுதான் கருப்பையாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனாக இருந்தது.

சனத்துக்கும் துரையின் பெயர் தெரியாது. துரைமார் பெயரைச் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று இருந்த காலம் அது, அவரவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆள் மண்டையில் குட்டியே வேலை வாங்குகிறவர் என்பதால் இவருக்கு மரச் சுத்தியலின் பெயர், கொட்டாப்புளி.

ஆக, பலகையில் தொர்மோட், வாயில் கொட்டாப்புளி. ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பழைய துரைமார் பட்டியலில் அந்த வருசங்களுக்கு நேரே இருந்ததோ நார்மன்.

தபால்கார மரியசூசைக்கு இங்கிலீசு வரும். கார்னவே என்பது ஸ்கொட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவின் பெயர் என்றும், துரை தன் ஊர்ப் பெயரைத்தான் தோட்டத்துக்கு வைத்தார் என்றும் அவர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் சும்மா இருக்காமல் அந்தத் தீவின் பதிவுக் கந்தோருக்கு எழுதினார். நாலு மாதம் கழித்து மோராக் என்ற பெண் பதில் போட்டிருந்தாள். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு தொர்மோட் இருக்கிறான். பள்ளிக்கூட இடாப்பிலும் கப்பல் பட்டியலிலும் ஒரு நார்மன் இருக்கிறான். பிறந்த நாள் ஒன்று, தகப்பன் ஒன்று, வீடு ஒன்று. எங்கள் தீவுப் பாஷையில் தொர்மோட் என்று வீட்டில் கூப்பிடும் பிள்ளையை வாத்தியார் நார்மன் என்றுதான் எழுதுவார், இங்கிலீசுக்காரருக்கு அப்படித்தான் பிடிக்கும், அது இங்கே கடற்கரைக் கல்லுக்குக்கூடத் தெரியும். ஆனால் தெரிந்தது எதுவும் தாளில் இல்லை. பெயர் வேறாக இருப்பதால் இருவரும் ஒருவரே என்று அத்தாட்சி தர எங்களுக்கு அதிகாரமில்லை, மன்னிக்கவும்.

இந்தக் கடிதத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு புஸ்பகாந்தி ஆபீசுக்குப் போனாள். மெனேஜர் துரை சின்ன வயசுக்காரர், கொழும்பிலிருந்து வந்தவர், நகத்தை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்தாம்மா, இப்ப நீ என்ன சொல்ற? பலகையில ஒரு ஆள். எங்க லிஸ்டுல ஒரு ஆள். ஒங்க சனம் சொல்றது இன்னொரு ஆள். மூணு பேரு. இந்த மூணு பேர்ல யாருக்குப் பொறந்தாரு ஒன் தாத்தா? அந்தக் கெழவிக்கே தெரியலன்னுதானே கோடு போட்டிருக்கு?"

ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சத்தம் வராமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது.

புஸ்பகாந்திக்குக் காதுக்குள் கொதிதண்ணி ஊற்றியது போல் இருந்தது. வீடு போகட்டும், மண் போகட்டும், செத்து மண்ணாகி அறுபது வருசமான வீராயியை, ஒருத்தன் பெயரை வாயில் எடுக்காமல் சாகும்வரை இருந்தவளை, மூன்று பேருக்கு முந்தானை விரித்தவளாக்கி ஒரு நகம் வெட்டுகிறவன் சிரிக்கிறான்.

"மூணு பேருன்னு நீங்கதானே சொன்னீங்க தொர," என்றாள். "சரி. மூணு பேரையும் வரச் சொல்றேன். வந்தாப்புறம் அவனுங்க மூஞ்சியப் பாத்துச் சிரிங்க."

வெளியே வந்து, வெறுங்கூடையை ஆபீஸ் கதவில் வீசி அடித்துவிட்டு, படியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து, பெற்றவனே வா, எழுதினவனே வா, அடித்தவனே வா, எந்தக் கடலுக்குள் கிடந்தாலும் வா என்று கத்தினாள். ஒன்பதாம் நாள் வந்துவிட்டார்கள். கடல் தூரம்தானே, ஒன்பது நாள் ஆகத்தான் செய்யும் என்றார்கள் சனம்.

வந்தவர்களை என்ன செய்வது? பழைய லயத்தில் ஒன்பதாம் காம்பரா காலியாக இருந்தது, அதில் போட்டார்கள். சோறு யார் ஆக்குவது என்று ஒரு பேச்சு வந்தது. "நம்ம ஆக்கினதத் தின்னு வளந்த ஒடம்புதானே, பழகின வாய்தான், முறை வச்சுப் போடுவோம்" என்றாள் அங்கம்மா. ஆனால் வேலைக்குப் போகாதவனுக்கு இந்தத் தோட்டத்தில் சோறு கிடையாது, அது துரைமார் வைத்த சட்டம்தான், அதனால் மறுநாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு மூன்று பேரையும் அழைத்துப்போய் ஆளெடுக்கும் வரிசையில் நிறுத்தினார்கள், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று புதுப் பெயர் எழுதினார்.

காக்கிக்கார நார்மனுக்குக் கூடை கொடுத்தார்கள். அவன் முத்தல் இலையும் காம்புமாகப் பிடுங்கிப் போட்டான். அங்கம்மா கூடைக்குள் கைவிட்டுப் பார்த்து, அவன் காலத்தில் அவன் செய்ததுபோலவே கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, "முத்தலு! இன்னைக்கு ஒனக்கு அரைநாள்தான், போ" என்றாள். எத்தனை தலைமுறையாக அந்தச் சொல் அவள் வாயில் காத்திருந்ததோ, சொல்லி முடித்ததும் அவளுக்கு முதுகுவலி விட்டுப்போனது.

மூன்றாமவன், கொட்டாப்புளி, வேறு மாதிரி. அவன் சனத்தின் பேச்சால் ஆனவன். அவன் அடித்த கதையை யாராவது எடுத்தால் போதும், அவன் ஒரு சாண் வளருவான். ஒரு மழைநாள் லயமே உட்கார்ந்து அவன் கதையைப் பேசியதில் தலை முட்டித் தகரம் கிளம்பிவிட்டது. அதிலிருந்து, கூரை மாற்றும்வரை யாரும் அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் சொல்லிவைத்தார். பேசாமலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கி அடுப்படியில் படுத்துக்கிடந்தான், பிள்ளைகள் அவன் பிரம்பை எடுத்துச் சில்லுவண்டி ஓட்டினார்கள்.

கம்பளிச் சட்டைக்காரன் தொர்மோட் ஓடைக்கரையிலேயே இருந்தான். அவனுக்குத் தமிழில் பதினைந்து சொல் தெரியும், எல்லாம் வீராயி சொன்ன சொல். வா. பசிக்குதா. மெதுவா. ஆரோ வாறாங்க. போவாதீங்க. லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் கட்டும் புஸ்பகாந்தியைப் பார்த்து "பசிக்குதா" என்பான். அவள் மண்வெட்டியை அவன் பக்கமாகத் திருப்பிக் காட்டுவாள்.

மாரியம்மன் கோயில் பொங்கலன்று இவர்களுக்கு எத்தனை இலை போடுவது என்று பெரிய வழக்கு வந்தது. மூன்று வயிறு, மூன்று இலை என்றது ஒரு கட்சி. ஒரு ஆளுக்கு ஒரு இலைதான், மூன்று போட்டால் மெனேஜர் சொன்னது நிசமென்று ஆகிவிடும் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் ஒரே இலை போட்டார்கள். மூன்று பேரும் அதைச் சுற்றிக் குந்தி, ஒருவர் கையில் ஒருவர் கை படாமல், ஒரே மாதிரி முதலில் முந்திரிப் பருப்பைப் பொறுக்கித் தின்றார்கள். பார், பார் என்று சனம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டது.

புஸ்பகாந்திக்கு அந்தப் பொங்கல் இறங்கவில்லை. மறுநாளே மூன்று பேரையும் பேரி மரத்தடிக்கு வரச் சொன்னாள். மரியசூசை மொழிபெயர்க்க நின்றார், அங்கம்மா நியாயம் கேட்க நின்றாள், மெனேஜர் துரையும் கையைக் கட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"கருப்பையாவ யாரு பெத்தது?" என்று கேட்டாள்.

நார்மன் காகிதக் கட்டைப் புரட்டினான். "நான் இந்தத் தோட்டத்துக்கு ஏழு வருசம் துரை. என் காகிதத்தில் கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை. காணி கொடுக்கும் அதிகாரம் இருந்தது. கொடுத்ததாக எழுத்தில்லை."

"பிரம்பு எனக்கு," என்றான் கொட்டாப்புளி. "ஒங்க சனம் சொல்ற கதையில நான் அடிப்பேன், குடிப்பேன், குதிரை ஏறுவேன். எந்தக் கதையிலயும் என்னை அப்பன்னு ஒருத்தனும் சொல்லல்ல. சொல்லாதத நான் எப்படிச் செய்ய?"

தொர்மோட் பலகையைத் தடவிப் பார்த்தான். அவன் பாஷையும் பாதி இங்கிலீசுமாகச் சொன்னதை மரியசூசை மெல்லச் சொன்னார். "எழுதினது நாந்தான்ங்கிறான். ஆனா நான் துரை இல்ல, மீன்பிடிக்காரன் மகன்ங்கிறான். தனக்குன்னு ஒரு சாண் மண் கெடையாதாம். அவங்க அப்பன் குடிசைய, ஆடு மேய்க்க எடம் வேணும்னு சொல்லி, கூரைய நெருப்பு வச்சு வெளிய தள்ளிட்டாங்களாம். அழுகுறான் தங்கச்சி."

"அதான் நான் அப்பவே சொன்னேன்," என்று வேலிக்கு அப்பாலிருந்து மெனேஜர் துரை கைதட்டினார். "குடுத்தவனுக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் உள்ளவன் குடுக்கல்ல. மூணு பேரும் வேற வேற ஆள்னு அவங்க வாயாலயே சொல்லியாச்சு. நல்லாத்தான் சாட்சி கூட்டிட்டு வந்திருக்க. வர்ற வெள்ளிக்கிழமை காணி அதிகாரி வாறாரு. அவருக்கும் இதையே காட்டு."

புஸ்பகாந்தி அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது அழுகிறவனை. அதுவரை ஒரு வயசாளியை அவள் முகத்துக்கு நேரே நீ போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அழுவாத. அழுவாதன்னு சொல்றேன்ல? ஒங்கப்பன் கூரைய எரிச்சாங்கன்னு அழுவுற. எரிச்சவன் சட்டையப் போட்டுக்கிட்டு இங்க வந்து நீ எத்தினி கூரைய பிரிச்ச? நல்லது செய்ய ஒரு பேரு, அடிக்க ஒரு பேரு, கையெழுத்துக்கு ஒரு பேரு. ஒண்ணு செஞ்சதுக்கு மத்தது பொறுப்பில்ல. பிரம்புக்காரனக் கூட எனக்கு மன்னிக்கலாம்போல இருக்குடா. ராத்திரி வீராயின்னு கூப்பிட்டு, காலையில ஆபீசுக்குப் போயி, தொர்மோட்டுங்கிறது நாந்தான்னு ஒரு வரி எழுத உனக்குக் கை வரல்லியே, உன்னைத்தான் மன்னிக்க முடியல்ல!"

"மெதுவா," என்றான் தொர்மோட், வீராயியின் சொல்லில். "ஆரோ வாறாங்க."

அவள் கையில் கிடைத்த பேரிக்காயை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தாள். மூன்று பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நெஞ்சைப் பிடித்ததைத் தாளில் எழுத முடியாதே.

வெள்ளிக்கிழமைக்குள் மெனேஜர் துரை தன் வேலையைச் செய்தார். ஆள்களைக் கண்ணால் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், கண்ணும் விரலும் அப்படி. அதனால் நார்மனிடம் கப்பலில் மேல்தட்டு இடம் பிடித்தாயிற்று என்றார். கொட்டாப்புளியிடம் இரண்டு போத்தல் சாராயம் கொடுத்தார். தொர்மோட்டிடம் ஒரே சொல் சொன்னார், கடல் என்று. விடிந்து பனி விலகும் நேரத்தில் மூன்று பேரும் வரிசையாக ரோட்டில் இறங்கினார்கள்.

பெரட்டுக் களத்தில் நின்ற புஸ்பகாந்தியிடம் தபால் பையோடு மரியசூசை ஓடி வந்தார். "தங்கச்சி, போறானுங்க! முடக்குத் தாண்டிட்டா அவ்வளவுதான், பிறகு பிடிக்க ஏலாது!"

அவள் ஓடினாள். ரோட்டால் ஓடினால் ஒரு மைல், அவள் தேயிலைக்குள் இறங்கினாள், கவ்வாத்து வெட்டின குச்சிகள் காலைக் கிழிக்க, படங்குச் சாக்கு இடுப்பிலிருந்து அவிழ்ந்து விழ, அவள் பின்னால் அங்கம்மா ஓட, அங்கம்மா பின்னால் நாலாம் நம்பர் மலையே ஓட, கூப்பாட்டு முடக்குக்கு மேலே உள்ள பாறைக்கு வந்து நின்றபோது மூன்று பேரும் முடக்கில் திரும்பப் போகிற இடத்தில் இருந்தார்கள். கீழேயிருந்து காணி அதிகாரியின் ஜீப் ஏறி வந்து, வழியை அடைத்துக்கொண்டு நடந்த மூவருக்காக நின்று, ஹோர்ன் அடித்தது.

"தொர்மோட்!" என்று கத்தினாள். கம்பளிச் சட்டைக்காரன் திரும்பிப் பார்த்தான், மற்றவர்கள் போவதைப் பார்த்துத் தானும் நடந்தான். "நார்மன்!" காக்கிக்காரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தான். "டேய் கொட்டாப்புளி!" பிரம்பை ஆட்டிக் காட்டிவிட்டு நடந்தான்.

அப்போதுதான் புஸ்பகாந்தி தன் காலடியைப் பார்த்தாள். அவள் நின்ற பாறை, வீராயி நின்ற பாறை. எந்தப் பெயரையும் சொல்லாத ஒருத்தி இந்தப் பாறையில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எந்தக் கிளாக்கரும் எழுதாத கூப்பாடு அது, ஏழு மலையிலும் பட்டு நூற்றுப் பதின்மூன்று வருசமாக இறங்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் அடிவயிற்றிலிருந்து, கோபத்தையெல்லாம் கூட்டிப் பிடித்து, இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்தவள்போலச் சாய்ந்து நின்று, கூப்பிட்டாள்:

"கருப்பையா அப்பா!"

மூன்று பேரும் நின்றார்கள். 

"கருப்பையா அப்பா!"

மூன்று முதுகும் ஒரே மாதிரிக் குலுங்கின.

"கருப்பையா அப்பா!"

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒரு கூப்பாட்டுக்கு ஒரு ஆள்தான் திரும்ப முடியும், அதனால் திரும்பி முடித்தபோது ரோட்டில் ஒரு ஆள்தான் நின்றான், கம்பளிச் சட்டைமேல் காக்கி மாட்டி, கையில் பிரம்பும் காகிதமுமாக, நடுத்தர உயரத்தில், முன்மண்டை வழுக்கையாக, பூனைக் கண் இரண்டும் சிவந்து. "ஏன்?" என்றான் தமிழில். அது வீட்டுக்காரி கூப்பிட்டால் புருசன் கேட்கிற ஏன்.

ஜீப்பின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காணி அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கினார். கோப்பைப் பொனட்டில் விரித்தார். ஓய்வுபெற இரண்டு வருசமே இருந்தவர், அவருக்கு எழுத்து வேலை மட்டும்தான் தெரியும்.

"ஒங்க பேரு?"

அந்த ஆள் வாயைத் திறந்தான். நார்மன் என்று சொல்லப் பார்த்தான், தொர்மோட் என்று சொல்லப் பார்த்தான், நாக்கு புரளவில்லை. "கருப்பையா அப்பா" என்றான்.

பின்னாலேயே ஓடி வந்த மரியசூசை, தீவுக்கு எழுத வாங்கி வைத்திருந்த கருப்பையாவின் பழைய பிறப்புச் சான்றிதழைத் தபால் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஐயா, இதில தகப்பன் பேருன்னு ஒரு கட்டத்தில கோடு மட்டும் கெடக்குது. இவரையே அதில எழுத வையுங்க. நீங்க சாட்சி போடுங்க."

"அந்தப் பலகை எழுதினது யாரு?" என்றார் அதிகாரி, கோப்பைப் புரட்டிக்கொண்டே.

"நான்."

"அப்ப இங்க துரையா இருந்தது யாரு?"

அவன் காகிதக் கட்டைப் பார்த்தான். "நான்."

அதிகாரி எழுதத் தொடங்கும்போது அங்கம்மா குறுக்கே வந்தாள். மூச்சு வாங்கியது, காலில் ரத்தம். "பொறுங்க ஐயா, எனக்கும் ஒண்ணு கேக்கக் கெடக்கு. எங்க பாட்டன் முத்துவீரன் முதுகுத் தோல, பெரட்டுக் களத்தில வச்சு, புள்ளைங்க பாக்க உரிச்செடுத்தது யாரு?"

அவன் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தான், அதை வைத்திருப்பது யார் கை என்று மேலே பார்த்துக்கொண்டே போய்த் தோளில் நின்றான்.

"நான்," என்றான்.

அதிகாரி அதையும் எழுதினார். அதற்குக் கோப்பில் கட்டமில்லை, ஓரத்தில் எழுதினார்.

மெனேஜர் துரை மூச்சிரைக்க வந்து சேர்ந்து, இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்றார். "நிக்காட்டிப் போகட்டும் சேர்," என்றார் அதிகாரி, பேனையை மூடிக்கொண்டே. "இவரைக் கொண்டுபோய் நிப்பாட்டுறேன். என்ன கேட்டாலும் நான்தான்னு சொல்றாரு. இந்த மாதிரிச் சாட்சி எனக்கு முப்பத்தாறு வருசத்தில கெடைச்சதில்ல."

ஓடைக்கும் பேரி மரத்துக்கும் நடுவே அன்று சங்கிலி போட்டு அளந்து கல் நட்டார்கள். நீச்சல் குளத்துக்குக் கொண்டுவந்த நீல ஓடுகள் வேலியோரம் கொட்டிக் கிடந்தன, சனம் ஆளுக்கு நாலாக எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் பதித்துக்கொண்டது. கணக்கப்பிள்ளைகூட ஆறு எடுத்தார்.

கல் நட்டு எல்லாரும் போனபிறகு அந்த ஆள் வாசல் கடப்படியில் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வீட்டைப் பார்த்தான், மாரியம்மன் படத்துக்குக் கீழே திரும்பவும் ஏறிவிட்ட பலகையைப் பார்த்தான், அடுப்புப் புகையைப் பார்த்தான். "பசிக்குதா" என்றான், கேட்கிற மாதிரியல்ல, சொல்கிற மாதிரி.

புஸ்பகாந்தி பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றினாள். பங்களாப் பின்வாசலில் வீராயிக்கு ஊற்றிக் கொடுத்தார்களே, அதுபோல ஒரு சிரட்டையில், மேலேயிருந்து, கை படாமல். அவன் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தான். குடித்து முடித்து ஒரு காலைத் தூக்கிப் படிக்குள் வைக்கப்போனான்.

"உள்ள கூப்பிடல்லியாடி?" என்றாள் வேலியோரம் நின்ற அங்கம்மா. "என்ன இருந்தாலும் ரத்தம்."

"எனக்கு இவரு பேரு வேணும், வந்திருச்சு. ஆளு எனக்கு வேணாம்க்கா," என்றாள் புஸ்பகாந்தி. அவனைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்னக் கூப்பிட்டவ நான் இல்ல. அவ இன்னும் அந்த முடக்கிலதான் நிக்கிறா, இடுப்பில புள்ளையோட. போயி அவகிட்ட நில்லு. கூப்பிட்டா உள்ள போ. கூப்பிடாட்டி நில்லு."

அவன் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பார்க்கலாம், பாறைக்குக் கீழே, ரோட்டோரம், கம்பளிச் சட்டையோடு ஒரு ஆள் மேலே பார்த்தபடி நிற்பான், மழையென்றும் வெயிலென்றும் இல்லை. சனம் அவனைத் திட்டுவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. முடக்கில் திரும்பும்போது டிரைவர் ஹோர்ன் அடிப்பான், கொண்டக்டர் கூப்பாட்டு முடக்கு, கூப்பாட்டு முடக்கு என்று கத்துவான், அந்தக் கத்தலுக்கு அவன் ஒவ்வொரு தரமும் ஆசையாகத் திரும்புவான், அவளில்லை என்று தெரிந்து திரும்பவும் மேலே பார்ப்பான்.

வீராயி இன்னும் கூப்பிடவில்லை.